அமெரிக்கச் சிறைகளில் கஞ்சா வழக்குக் கைதிகள்: கருணை மனுவை எழுதும் முறை

அமெரிக்காவில் கொலராடோ, வாஷிங்டன் ஆகிய இரு மாநிலங்களின் வாக்காளர்கள் 2012ஆம் ஆண்டு பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்துவதைச் சட்டப்பூர்வமாக்கினார்கள். இன்று 24 மாநிலங்கள் அந்த வழியில் வந்துவிட்டன. உரிமம் பெற்ற கடைகளில் வரி செலுத்தி விற்கப்படும் அதே செடியை வளர்த்ததற்காக அல்லது கடத்தியதற்காக, யாரையும் அடிக்காத, யாரையும் மிரட்டாத மனிதர்கள் அந்நாட்டின் சிறைகளில் இன்னும் நீண்ட தண்டனைகளை அனுபவித்து வருகிறார்கள். சட்டம் மாறியதால் சிறைக்கதவு தானாகத் திறந்துவிடுவதில்லை. தண்டனை விதிக்கப்பட்ட நாளில் இருந்த சட்டமே பெரும்பாலும் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. அவர்களுக்காகக் கருணை மனு தயாரிக்க முன்வரும் குடும்பத்தினரும் நண்பர்களும் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். இது பொதுவான வழிகாட்டுதல். வழக்கின் நுணுக்கங்களுக்கு ஒரு வழக்கறிஞரின் கண் தேவைப்படும்.

யாரிடம் கேட்பது

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, தண்டனையை விதித்தது எந்த அரசின் நீதிமன்றம் என்பதுதான். அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு மன்னிக்கும் அதிகாரத்தை வழங்குகிறது. ஆனால் அந்த அதிகாரம் ஃபெடரல் குற்றங்களுக்கு, அதாவது ஒன்றிய அரசின் சட்டத்தை மீறிய குற்றங்களுக்கு மட்டுமே செல்லும். ஒரு மாநில நீதிமன்றம் விதித்த தண்டனையை வெள்ளை மாளிகையால் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது. இது தெரியாமல் தவறான கதவைத் தட்டினால் அருமையான ஆண்டுகள் வீணாகும். கண்டுபிடிப்பது எளிது. தீர்ப்பின் தலைப்பில் எதிர்த்தரப்பாக 'அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்று இருந்தால் அது ஃபெடரல் வழக்கு. மாநிலத்தின் பெயரோ 'மக்கள்' என்ற சொல்லோ இருந்தால் அது மாநில வழக்கு. ஃபெடரல் கைதியின் பதிவு எண் ஐந்து இலக்கங்கள், ஒரு சிறுகோடு, மேலும் மூன்று இலக்கங்கள் என்ற அமைப்பில் இருக்கும்.

மாநில வழக்கு என்றால் நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சில மாநிலங்களில் ஆளுநரே முடிவெடுப்பார். டெக்சஸில் மன்னிப்பு மற்றும் பரோல் (நிபந்தனையுடன் முன்கூட்டியே விடுவித்தல்) வாரியம் பரிந்துரைத்த பின்னரே ஆளுநர் தண்டனையைக் குறைக்க முடியும். ஜார்ஜியாவில் அதிகாரம் ஆளுநரிடம் இல்லை. ஐந்து உறுப்பினர்கள் கொண்ட வாரியத்திடம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஆயுள் தண்டனையைக் குறைக்க வாரிய உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாகப் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே அந்த மாநிலத்தின் விண்ணப்பப் படிவத்தையும் விதிகளையும் பெற்றுப் படித்த பின்னரே ஒரு வரியாவது எழுதத் தொடங்க வேண்டும். மிசோரியில் கஞ்சா வழக்கில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பெற்றிருந்த ஒருவர், ஆளுநர் தண்டனையைக் குறைத்ததால் 2015ஆம் ஆண்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசத்துக்குப் பின் வெளியே வந்தார். நம்பிக்கையிழந்த வழக்குகளும் திறக்கும் என்பதற்கு அது சான்று.

இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி ஃபெடரல் கைதிகளைப் பற்றியது. மனுவை எழுதும் கலையைப் பொறுத்தவரை, பெரும்பாலானவை மாநில மனுக்களுக்கும் பொருந்தும்.

எதைக் கேட்பது

மன்னிப்பு என்பதும் தண்டனைக் குறைப்பு என்பதும் வெவ்வேறு. மன்னிப்பு, தண்டனையை முடித்தவர் இழந்த உரிமைகளை மீட்டுக்கொள்ள வேண்டுவது. அதற்கு விடுதலைக்குப் பின் வழக்கமாக ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சிறையில் இருப்பவர் வேண்டுவது தண்டனைக் குறைப்பு. அது குற்றத் தீர்ப்பை அழிக்காது. சிறைக்காலத்தைச் சுருக்கும், அவ்வளவே. இந்த இரண்டையும் குழப்பி, தவறான படிவத்தில் எழுதப்பட்ட மனு படிக்கப்படுவதற்கு முன்பே திரும்பிவிடும்.

செய்திகளில் வந்த பெரிய அறிவிப்புகளைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். குடியரசுத் தலைவர் பைடன் 2022 அக்டோபர் 6 அன்று கஞ்சாவை வெறுமனே வைத்திருந்த ஃபெடரல் குற்றத்துக்குப் பொதுவான மன்னிப்பு வழங்கினார். 2023 டிசம்பரில் அதை விரிவாக்கினார். மேரிலாந்து ஆளுநர் வெஸ் மூர் 2024 ஜூனில் 1,75,000க்கும் மேற்பட்ட கஞ்சாத் தீர்ப்புகளுக்கு மன்னிப்பு வழங்கினார். வேலை தேடும்போதும் வாடகை வீடு கேட்கும்போதும் குறுக்கே நின்ற பழைய பதிவின் சுமையைக் குறைத்த நல்ல செயல்கள் இவை. ஆனால் வளர்த்தல், கடத்தல், விற்பனை, கூட்டுச் சதி ஆகிய குற்றங்களுக்காகச் சிறையில் இருப்பவர்களை பைடனின் அறிவிப்புகள் தொடவில்லை. 'கஞ்சாவுக்குத்தான் மன்னிப்புக் கொடுத்துவிட்டார்களே, எங்கள் அப்பா ஏன் வரவில்லை' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது பொறுமையாகச் சொல்லியாக வேண்டும். கஞ்சாவை, போதைப்பொருள்களை வகைப்படுத்தும் 1970ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலிலிருந்து வேறு பட்டியலுக்கு மாற்றுவது குறித்த நடவடிக்கைகளும் இப்படித்தான். பட்டியல் மாறுவதால் முடிந்துபோன தீர்ப்புகள் தாமாகத் திறக்கப்படுவதில்லை.

மனுவுக்கு முன்பு முயல வேண்டியவை

கருணை மனுவை ஏற்கும் விதிகள், நீதிமன்றத்திலோ சிறை நிர்வாகத்திடமோ வேறு நிவாரணம் கிடைக்கக்கூடிய நிலையில் தண்டனைக் குறைப்பு கோரக் கூடாது என்று சொல்கின்றன. அசாதாரணச் சூழ்நிலையை நிறுவினால் மட்டுமே விலக்கு உண்டு. மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் மனு நகராது. எனவே ஒரு வழக்கறிஞரையோ வசதியற்றவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் ஃபெடரல் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகத்தையோ அணுகி, சில கேள்விகளுக்கு விடை பெற வேண்டும்.

தண்டனை வழிகாட்டு விதிகளில், போதைப்பொருளின் அளவைப் பொறுத்துத் தண்டனைக் காலத்தை நிர்ணயிக்கும் நிலையை இரண்டு படி குறைத்த 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பழைய கைதிகளுக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டது. அது இவருக்குப் பயன்பட்டதா? 2018 டிசம்பரில் கையெழுத்தான ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டத்தின்படி, 'கம்பேஷனேட் ரிலீஸ்' எனப்படும் முன்விடுதலையைக் கைதி நேரடியாக நீதிமன்றத்திடம் கேட்கலாம். சிறையின் தலைமை அதிகாரியான வார்டனிடம் முதலில் எழுத்தில் கேட்டு, 30 நாட்கள் கடந்திருந்தால் போதும். முதுமை, கடும் நோய், குடும்பத்தில் பராமரிப்பாளர் இல்லாமற்போனது ஆகிய காரணங்கள் இருப்பவர்களுக்கு இந்த வழி கருணை மனுவைவிட விரைவாகப் பலன் தந்திருக்கிறது. கேட்டு மறுக்கப்பட்டிருந்தாலும் அந்த மறுப்பு வீணல்ல. வேறு வழிகளை முயன்றாகிவிட்டது என்பதற்கு அதுவே ஆவணம்.

தண்டனையின் கணக்கு

மனுவின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கஞ்சா இன்று பல மாநிலங்களில் சட்டப்பூர்வமானது என்ற வாதம் கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மனுவைப் படிக்கும் அலுவலர் ஃபெடரல் சட்டத்துக்குள் நின்றுதான் அதைப் படிக்கிறார். அவரை அசைக்கக்கூடியது, இதே குற்றத்துக்கு இன்று தண்டனை விதித்தால் எத்தனை ஆண்டுகள் கிடைத்திருக்கும் என்ற கணக்கு.

ஃபெடரல் சட்டப்படி 100 கிலோ கஞ்சா அல்லது 100 செடிகள் என்றால் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை 5 ஆண்டுகள். 1,000 கிலோ அல்லது 1,000 செடிகள் என்றால் 10 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள். முன்பு, 1,000 கிலோ நிலையில் ஏற்கனவே ஒரு போதைப்பொருள் குற்றத் தீர்ப்பு இருந்தால் குறைந்தபட்சம் 20 ஆண்டுகளாகவும், இரண்டு இருந்தால் கட்டாய ஆயுளாகவும் உயர்ந்தது. அந்தப் பழைய குற்றங்கள் சிறியனவாக இருந்தாலும், அவற்றுக்காக ஒரு நாள்கூடச் சிறையில் இருக்காவிட்டாலும், நீதிபதியின் கைகள் கட்டப்பட்டிருந்தன. ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் 20 ஆண்டுகளை 15 ஆகவும், கட்டாய ஆயுளை 25 ஆண்டுகளாகவும் குறைத்தது. பழைய போதைப்பொருள் குற்றத்துக்காக 12 மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்து, அதிலிருந்து விடுதலையாகி 15 ஆண்டுகளுக்குள் புதிய குற்றம் நடந்திருந்தால்தான் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. ஆனால் அதற்கு முன்பே தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்கு இந்த மாற்றம் நீட்டிக்கப்படவில்லை. சட்டம் கையெழுத்தாவதற்கு முந்திய வாரம் தண்டனை பெற்றவருக்கு ஆயுள், கையெழுத்தான அடுத்த வாரம் பெற்றவருக்குப் பத்தாண்டு என்ற நிலை உண்மையிலேயே சாத்தியமானது. இந்த இடைவெளியைச் சரிசெய்யக் கருணை அதிகாரத்தைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

ஆகவே மனுவில் அந்தக் கணக்கை வெளிப்படையாகப் போட்டுக் காட்ட வேண்டும். ஒருவர் இவ்வாறு எழுதலாம்: 'எனக்கு 2009ஆம் ஆண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. என் முந்தைய இரண்டு தீர்ப்புகள் அதைக் கட்டாயமாக்கின. அவ்விரண்டில் எதற்கும் நான் 12 மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்ததில்லை. இன்றைய சட்டப்படி அவை என் தண்டனையை உயர்த்தியிருக்க மாட்டா. குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுகளாக இருந்திருக்கும். நான் இதுவரை 16 ஆண்டுகள் அனுபவித்துவிட்டேன். இதுவரை அனுபவித்த காலத்தோடு என் தண்டனையை முடித்துவைக்க வேண்டுகிறேன்.' ஏழெட்டு வரிகளில் வழக்கின் எலும்புக்கூடு முழுவதும் தெரிகிறது. மிகைச்சொல் ஒன்றும் இல்லை.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டுச் சதி வழக்குகளில், ஒருவர் கையால் தொட்ட கஞ்சா மட்டுமல்லாமல், கூட்டத்தினர் கடத்தியதில் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய மொத்த அளவும் அவர் தலையில் ஏற்றப்படுவது உண்டு. வண்டி ஓட்டியவருக்கும் முதலாளிக்கும் ஒரே கிலோக் கணக்கு வந்துவிடும். அப்படி நடந்திருந்தால், மொத்த அளவை மறுக்காமல், அதில் இவருடைய பங்கு எது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்கள் பெற்ற தண்டனைகளையும் அருகில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

ஆவணங்களைத் திரட்டுதல்

தீர்ப்பு நகல், தண்டனைக்கு முந்தைய விசாரணை அறிக்கை, தண்டனை விதித்த நாளின் நீதிமன்ற உரையாடல் பதிவு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. விசாரணை அறிக்கையின் நகலை ஃபெடரல் கைதிகள் தங்கள் அறையில் வைத்திருக்க அனுமதி இல்லை. கைதியின் கோப்பைக் கவனிக்கும் சிறை அலுவலரான கேஸ் மேனேஜரிடம் கேட்டு அலுவலகத்தில் அமர்ந்து படித்துக் குறிப்பெடுக்கலாம். இதை அவசியம் செய்ய வேண்டும், ஏனென்றால் மனுவை ஆராய்பவர்கள் நம்பும் ஆவணம் அதுவே. அந்த அறிக்கைக்கு முரணாக மனுவில் ஏதாவது இருந்தால், மனுதாரர் பொய் சொல்வதாகத்தான் முதலில் தோன்றும். அறிக்கையில் பிழை இருந்தால் அதை மறைமுகமாக மீறாமல், இன்ன பத்தியில் இன்ன பிழை, அதற்கு இன்ன சான்று என்று நேரடியாக எழுத வேண்டும்.

நீதிமன்ற உரையாடல் பதிவைத் தண்டனை விதித்த நீதிமன்றத்தின் எழுத்தர் அலுவலகம் வழியாகக் கேட்டுப் பெறலாம், கட்டணம் உண்டு. செலவைப் பார்த்துத் தயங்கும் குடும்பங்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பதே. சில நீதிபதிகள் தண்டனையை வாசிக்கும்போதே தம் மனத்தைத் திறந்திருப்பார்கள். யூட்டாவில் 2004ஆம் ஆண்டு, கஞ்சா விற்றபோது துப்பாக்கி வைத்திருந்ததாகத் தீர்ப்பான ஓர் இளைஞருக்குச் சட்டத்தின் கட்டாயத்தால் 55 ஆண்டுகள் விதித்த நீதிபதி பால் கசெல், அந்தத் தண்டனை அநியாயமானது என்று எழுதி, குடியரசுத் தலைவர் அதைக் குறைக்க வேண்டும் என்று தாமே பரிந்துரைத்தார். அந்த இளைஞர் 2016இல் நீதிமன்றத்தின் வழியாக வெளியே வந்தார். 2020இல் மன்னிப்பும் பெற்றார். தண்டித்தவரே எழுதிய அப்படி ஒரு வரி கிடைத்தால், அது நூறு ஆதரவுக் கடிதங்களுக்குச் சமம்.

அந்த வழக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. 'வன்முறையற்ற' என்ற சொல்லை எல்லோரும் ஒரே பொருளில் படிப்பதில்லை. யாரையும் சுடாதிருந்தாலும், வீட்டில் துப்பாக்கி இருந்தது என்ற ஒரு வரி விசாரணை அறிக்கையில் இருந்தால் மனு அங்கேயே இடறும். அதைப் பற்றிப் பேசாமல் விடுவது பெரிய தவறு. துப்பாக்கி யாருடையது, எங்கே இருந்தது, எவருக்கும் எதிராகப் பயன்படுத்தப்பட்டதா என்பதை மறைக்காமல் விளக்க வேண்டும்.

மனுவை எழுதுதல்

தண்டனைக் குறைப்புக்கான படிவத்தை நீதித் துறையின் கீழ் இயங்கும் மன்னிப்பு வழக்கறிஞர் அலுவலகம் வெளியிடுகிறது. சிறையிலும் கேட்டுப் பெறலாம். கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. வெளியில் இருப்பவர்கள் எத்தனை உதவி செய்தாலும், கையெழுத்திட வேண்டியவர் சிறையில் இருப்பவர்தான். முடித்த மனுவை வழக்கமாக வார்டன் வழியாக அனுப்புவார்கள். சிறைத் துறை தன் ஆவணங்களையும் அதனுடன் சேர்க்கும். படிவத்தில் பொய்த்தகவல் தருவது தனிக் குற்றம். அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறை உண்டு. சிறு வயதில் நடந்த கைது, விலக்கிக்கொள்ளப்பட்ட வழக்கு எதுவாக இருந்தாலும் கேட்ட இடத்தில் எழுதிவிட வேண்டும். மறந்துபோன ஒரு கைதைவிட மறைக்கப்பட்டதாகத் தோன்றும் ஒரு கைது அதிகம் கெடுக்கும்.

குற்றத்தை விவரிக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கருணை மனு மறுவிசாரணை அல்ல. சாட்சி பொய் சொன்னார், வழக்கறிஞர் சரியாக வாதாடவில்லை, கூட்டாளி காட்டிக்கொடுத்தார் என்று பக்கம் பக்கமாக எழுதினால், செய்ததை இன்னும் ஏற்காதவர் என்ற எண்ணமே எஞ்சும். நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன், அதனால் யாருக்கு என்ன துன்பம் வந்தது என்பதைத் தன் சொற்களில், தன்னிலையில் எழுத வேண்டும். 'தவறு நிகழ்ந்துவிட்டது' என்பதற்கும் 'நான் செய்தேன்' என்பதற்கும் உள்ள தூரத்தை இதைப் படிப்பவர்கள் நன்றாக அறிவார்கள். உண்மையிலேயே குற்றமற்றவர் என்றால், அதற்கு வலுவான புதிய சான்றும் வழக்கறிஞரின் துணையும் வேண்டும். அது தனிப் பாதை.

அடுத்தது சிறை வாழ்க்கை. உயர்நிலைக் கல்விக்கு நிகரான தேர்வில் தேறியது, தொழிற்பயிற்சி பெற்றது, மற்ற கைதிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, பணியிட மேற்பார்வையாளரின் மதிப்பீடு ஆகியவற்றை ஆண்டுடன் குறிப்பிட வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகள் படித்தவரின் படிப்பில் ஒரு தனி எடை இருக்கிறது; எந்தப் பலனையும் எதிர்பார்த்து அவர் அதைச் செய்திருக்க முடியாது. மனுவில் அதைத் தயங்காமல் சுட்டிக்காட்டலாம்.

நீதித் துறையின் நெறிமுறைகள் தண்டனைக் குறைப்புக்குப் பொருத்தமான காரணங்களாகத் தண்டனையின் மிகையான கடுமை அல்லது ஏற்றத்தாழ்வு, கடும் நோய், முதுமை, அரசுக்குச் செய்த சிறப்பான உதவி ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றன. ஒபாமா ஆட்சியில் 2014ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கருணை முயற்சியின் அளவுகோல்கள் இன்னும் தெளிவானவை: வன்முறையற்ற, கீழ்மட்டக் குற்றவாளி, குறைந்தது 10 ஆண்டுகள் அனுபவித்தவர், இன்று தண்டனை பெற்றால் கணிசமாகக் குறைவாகப் பெறக்கூடியவர், பெரிய குற்றப் பின்னணி இல்லாதவர், சிறையில் நன்னடத்தை உடையவர். அந்த ஆட்சியில் 1,715 பேரின் தண்டனை குறைக்கப்பட்டது. அவர்களில் 568 பேர் ஆயுள் கைதிகள். அந்த முயற்சி முடிந்துவிட்டாலும், மனுவைச் சரிபார்க்க அந்தப் பட்டியல் இப்போதும் நல்ல உரைகல்.

ஆதரவுக் கடிதங்கள் குறைவாகவும் குறிப்பாகவும் இருக்கட்டும். 'நல்லவர், அன்பானவர்' என்று முப்பது பேர் எழுதுவதைவிட, 'என் வீட்டில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறேன்' என்று தங்கையும், 'என் பட்டறையில் அவருக்கு வேலை தருகிறேன்' என்று ஒரு முதலாளியும் எழுதுவது மேல். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ ஆதரிக்க முன்வந்தால் அதற்கு இணை இல்லை. மரியாதையான ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் இழப்பு எதுவும் இல்லை. மன்னிப்பு வழக்கறிஞர் அலுவலகமும் விசாரணையின்போது அந்தப் பகுதியின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திடமும் நீதிபதியிடமும் கருத்துக் கேட்பது வழக்கம்.

அனுப்பிய பிறகு

மனு மன்னிப்பு வழக்கறிஞரிடமிருந்து நீதித் துறையின் இரண்டாம் நிலை அதிகாரியான துணை அட்டர்னி ஜெனரல் வழியாக வெள்ளை மாளிகைக்குச் செல்வது வழக்கமான பாதை. நேர்முக விசாரணை கிடையாது, காலக்கெடுவும் கிடையாது, ஆண்டுக்கணக்கில் ஆகலாம். வழக்கு எண் கிடைத்தபின் நிலையை இணையத்தில் பார்க்கலாம். இடையில் புதிய சான்றிதழ், மருத்துவ அறிக்கை, முகவரி மாற்றம் எது வந்தாலும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமான பாதைக்கு வெளியே, ஆதரவு அமைப்புகளின் முயற்சியாலும் பலர் கவனிக்கப்பட்டிருக்கிறார்கள். டிரம்ப் 2021 ஜனவரி 20 அன்று வெளியிட்ட பட்டியலில் கஞ்சா வழக்குகளில் ஆயுள் தண்டனை பெற்ற சிலரும் இருந்தார்கள். கஞ்சாக் கைதிகளுக்கென்றே இயங்கும் லாஸ்ட் பிரிசனர் ப்ராஜெக்ட் அமைப்புக்கும், நீண்ட தண்டனைகளுக்கு எதிராகப் பணியாற்றும் எஃப்ஏஎம்எம் அமைப்புக்கும் எழுதிப் பார்க்கலாம். ஆனால் வெள்ளை மாளிகையில் ஆள் இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் குடும்பத்தின் சேமிப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

மறுப்பு வந்தால் காரணம் பொதுவாகத் தெரிவிக்கப்படாது, மேல்முறையீடும் இல்லை. மறுக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். பழைய மனுவையே தேதி மாற்றி அனுப்பாமல், அந்த ஓராண்டில் மாறியதை முன்னிறுத்தி எழுத வேண்டும்.

குறைப்பு வழங்கப்பட்டால், தண்டனையின் பகுதியான கண்காணிப்பு விடுதலைக் காலம் பெரும்பாலும் தொடரும். அமெரிக்கக் குடிமகன் அல்லாதவருக்குத் தண்டனைக் குறைப்பு நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்புத் தராது என்பதால், குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கண்காணிப்புக் காலத்தில், கடைத்தெருவில் கஞ்சா வெளிப்படையாக விற்கப்படும் மாநிலத்தில் வாழ்ந்தாலும், ஃபெடரல் விதிப்படி அதை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் மீறல்தான். சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்தால் மீண்டும் சிறைக்கு அனுப்பப்படலாம். வீட்டுக்கு வரும் நாளுக்கு முன்பே, அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் இதை அறிந்து, அவர் தங்கப்போகும் இடத்தில் கஞ்சா எந்த வடிவிலும் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.